பூஜ்யம் புள்ளி ஒன்பது

கானாடுகாத்தானில் ஸ்டேஷன் போகிற ரோட்டோரம்
வேம்படியில் நிற்கிறது அந்தக் கேரவன்.
பதினேழு வயசு. மூன்றாவது ஓனர் உடையப்பன்.
ஷூட்டிங் இருந்தால் ஓடும்.
இல்லாவிட்டால் நிற்கும்.
நின்ற ஏழாம் நாள் சாவியைத் திருப்பினால்
டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"மூணு பேட்டரி மாத்தியாச்சும்மா" என்றவர்
வாங்கிய கடனைத் தராதவனைத் திட்டும் குரலில்
பேட்டரிக் கம்பெனியைத் திட்டினார்.

பெட்டியின் தகரம் கையைச் சுட்டது.
நெகட்டிவைக் கழற்றி
முனைக்கும் வயருக்கும் நடுவே மீட்டரைக் கொடுத்தேன்.
கதவு திறந்திருந்தால் உள்விளக்கு எரியும், கணக்குக் கெடும்.
கதவுப் பொத்தானை சைக்கிள் ட்யூபால் அமுக்கிக் கட்டினேன்.
எல்லாம் அணைத்த வண்டி
0.9 என்றது.

பார்க்க அற்பம்.
ஒரு நாளைக்கு இருபத்தொன்றரை.
ஏழு நாளைக்கு நூற்றைம்பது.
பேட்டரிமேல் அச்சடித்திருப்பதும் நூற்றைம்பது.
வட்டி தெரிந்த ஊர்.
உடையப்பனுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும்.
எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ
அங்கே இருக்கிறான் கள்ளன்.
மேக்கப் கண்ணாடியின் பல்புகள். 0.9.
தண்ணீர் மோட்டார். 0.9.
டிவி, ஏசி ரிலே, கக்கூஸ் விசிறி,
எதற்கென்று யாருக்குமே தெரியாத இரண்டு.
பதினாறும் என் காக்கிச் சட்டைப் பையில் கிடக்க
மீட்டர் அசையவில்லை.

"எர்த்தா இருக்கும்க்கா"
டீ கொண்டுவந்த சேவுகமூர்த்தி சொன்னான்.
வண்டியில் எடுபிடி.
கிளாஸை வாங்கிக்கொண்டு போகாமல்
டயரோரம் குந்தி என் கையையே பார்த்தான்.
எர்த்தையும் சுரண்டிப் போட்டேன்.
துரு போயிற்று, எண் போகவில்லை.

சிவப்பு என்றால் பாசிட்டிவ், அது புத்தகத்தில்.
இந்த வண்டியில்
எவன் கையில் எந்தச் சுருள் கிடைத்ததோ அதுதான் நிறம்.
எர்த் பச்சை, ஹாரன் பச்சை,
ஓரிடத்தில் மைக்செட் வயர்கூட.

பாசிட்டிவ் முனையில் பூத்திருந்த வெள்ளையை
வெந்நீர் ஊற்றிக் கழுவினேன்.
அடியில் இருந்தது, நூல் மாதிரி ஒரு கம்பி.
ஃப்யூஸ் பெட்டிக்கே போகாதது.

இங்கே வீடுகளுக்கு முகப்பு ஒரு தெரு,
பின்கட்டு அடுத்த தெரு.
அந்தக் கம்பியும் அப்படித்தான்.
பேட்டரியில் நுழைந்து
நடிகர் படுக்கும் கட்டிலடியில் காணாமல் போய்
பின்பக்கம் லக்கேஜ் பெட்டியில் வெளிவந்தது.

ஐந்தே முக்கால் அடி நீளம்.
பாய். லுங்கி. கொசுவத்திச் சாம்பல்.
தலைமாட்டில் ஒரு குட்டி விசிறி, ஆறங்குலம்,
அச்சில் முடியும் பஞ்சும் இறுகி நின்றுபோனது.
தொட்டேன், சூடு.
சுற்ற முடியாமல்
சுற்றப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"செத்துப்போச்சுன்னு நெனச்சேன்க்கா."
"சுவிட்ச்?"
"நான் வரும்போதே இல்ல."

ப்ளைவுட்டில் பென்சில் கணக்கு,
நாலைந்து பேர் கையெழுத்து.
பொள்ளாச்சி 11 நாள். பாக்கி.
பள்ளத்தூர் 4 நாள். தரல.
கடைசிக் கோடுகள் புதுசு. ஊர் எழுதவில்லை.

உடையப்பன் குனிந்து பார்த்தார்.
"வெட்டி எறிங்க" என்றார்.
கட்டர் கையில்தான் இருந்தது.
அவருக்கு போன் வந்தது,
பேசிக்கொண்டே நிழலுக்குப் போனார்.

முடியை பிளேடால் அறுத்து எடுத்தேன்.
தையல் மெஷின் எண்ணெய், இரண்டு சொட்டு.
முக்கி, தயங்கி, பிறகு
சாம்பலையெல்லாம் என் முகத்தில் அடித்தது.
இரண்டு ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று,
படுத்தபடி எட்டுகிற இடத்தில் சுவிட்ச் ஒன்று.
பில்லில் "லீக் சரிசெய்தது" என்று எழுதினேன்.
சேவுகமூர்த்தி சுவிட்சைப் போட்டான், அணைத்தான்,
போட்டான்.
அணைடா என்றேன், மீட்டர் பார்க்கணும்.

பதினாறு ஃப்யூஸும் திரும்ப ஏறின.
0.02.
அது ரேடியோவுக்குள் இருக்கும் கடிகாரம்.
நான் கழற்றி மாட்டியதில்
பகல் மூன்றரை மணிக்கு
பன்னிரண்டிலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தது.
அதை விட்டுவிட்டேன்.